பழைய ஃபேமிகாமையும் என்இஎஸ்ஸையும் வாங்கி இயங்க வைப்பது எப்படி

ஜப்பானின் கியோத்தோ நகரைச் சேர்ந்த நிண்டெண்டோ நிறுவனம், 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் ஃபேமிகாம் என்ற வீட்டு வீடியோ கேம் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே கருவி வெளித்தோற்றம் மாறி, என்இஎஸ் என்ற பெயரில், 1985 அக்டோபரில் நியூயார்க் கடைகளில் வெள்ளோட்டம் பார்க்கப்பட்டது; பிறகு அமெரிக்கா முழுவதற்கும் ஐரோப்பாவுக்கும் சென்றது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 6 கோடியே 19 லட்சம் விற்றிருப்பதால், பழைய பொருள் சந்தையில் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. 'வேலை செய்யவில்லை' என்ற குறிப்போடு குறைந்த விலைக்கு வருபவற்றில் பலவற்றுக்கு உண்மையான பழுது எதுவும் இருப்பதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதை வடிவமைத்தவர்கள் எடுத்த ஏதோ ஒரு முடிவுதான் இன்று பழுதுபோலத் தோற்றமளிக்கிறது. எந்த முடிவு எந்தக் கோளாறைத் தருகிறது என்று தெரிந்துகொண்டால், பெரும்பாலான வேலையை வீட்டு மேசையிலேயே முடித்துவிடலாம்.

முதலில் எதை வாங்குவது என்பதைப் பார்ப்போம். சிவப்பும் வெள்ளையுமான 1983 ஃபேமிகாமில் இரண்டு கட்டுப்பாட்டுக் கருவிகளும் உடலோடு நிரந்தரமாக இணைந்திருக்கும். படமும் ஒலியும் ஆன்டெனா வழியாக மட்டுமே வெளிவரும். 1993இல் வந்த ஏவி ஃபேமிகாமில் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றலாம், மஞ்சள் நிற ஏவி வயர் வழியாக நேரடியாகப் படம் எடுக்கலாம். முன்பக்கக் கதவைத் திறந்து கேசட்டை உள்ளே தள்ளும் சாம்பல் நிற என்இஎஸ்ஸில் ஏவி வசதி தொடக்கத்திலிருந்தே உண்டு. அமெரிக்காவில் 1993இல் வந்த, மேலிருந்து கேசட் செருகும் சிறிய என்இஎஸ்ஸில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். விளையாடுவதுதான் நோக்கம் என்றால் ஏவி ஃபேமிகாமையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். 1990களில் தமிழ்நாட்டு வீடுகளில் டிவியோடு இணைத்து விளையாடிய கருவிகளில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல்களே. அவற்றைத் திறந்தால் தனித்தனிச் சில்லுகளுக்குப் பதிலாகப் பலகை மேல் உறைந்த ஒரு கருப்புப் பசைத் துளி மட்டும் இருக்கும். அந்தத் துளிக்குள் பழுது ஏற்பட்டால் சரிசெய்ய வழியில்லை. ஆனால் அவற்றின் 60 தொடுமுனைக் கேசட்டுகள் பெரும்பாலும் அசல் ஃபேமிகாமில் பொருந்தும் என்பதால், பரணில் இருக்கும் கேசட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம்.

கருவி கைக்கு வந்ததும் மின்சாரத்தை இணைக்கும் முன் சற்று நிதானியுங்கள், ஏனென்றால் இந்தியாவில் இக்கருவிகளுக்கு மிகப் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஃபேமிகாமோடு வரும் அடாப்டர் ஜப்பானின் 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. அதை நம் 230 வோல்ட்டில் செருகினால் அடாப்டர் கருகிப்போகும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரை இடையில் வையுங்கள், இல்லையென்றால் இங்கேயே புதிய அடாப்டர் வாங்குங்கள். அசல் அடாப்டர் 10 வோல்ட் நேர்மின்சாரம், 850 மில்லியாம்பியர் தருகிறது. கருவியின் உள்ளே அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் சில்லு இருப்பதால், 9 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரே போதுமானது. ஆனால் செருகியின் நடுமுனை எதிர்மின்முனையாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றில் நடுமுனை நேர்மின்முனை என்பதால், அடாப்டர் மேல் அச்சிட்ட வட்டக் குறியைப் பார்த்து, மல்டிமீட்டரால் ஒருமுறை அளந்த பிறகே செருகுங்கள்.

என்இஎஸ்ஸின் கதை நேர்மாறானது. அதன் அடாப்டர் 9 வோல்ட் மாறுமின்சாரம் தருகிறது. அதை நேர்மின்சாரமாக்கும் டயோடுகள் கருவிக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே எந்த முனை எங்கே இருந்தாலும் 9 வோல்ட் நேர்மின்சார அடாப்டரையும் என்இஎஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் என்இஎஸ்ஸின் அடாப்டரை ஒருபோதும் ஃபேமிகாமில் செருகக் கூடாது, ஏனென்றால் மாறுமின்சாரத்தைத் தாங்க அதில் எந்த ஏற்பாடும் இல்லை. இரண்டு கருவிகளையும் வைத்திருப்பவர்கள் அடாப்டர்களின் மேல் பெயரெழுதி ஒட்டிவிடுவது நல்லது.

அடுத்தது டிவி. பழைய ஃபேமிகாமின் ஆன்டெனா சமிக்ஞை ஜப்பானியத் தொலைக்காட்சியின் 1, 2 ஆகிய அலைவரிசைகளுக்கு உரியது. அவை 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸ் வரையிலானவை, அதாவது இங்கே எஃப்எம் வானொலி ஒலிக்கும் இடம். எனவே நம்மூர் டிவியில் அலைவரிசை தேடித் தேடிச் சலிப்பதில் பயனில்லை. ஃபேமிகாமின் படச் சில்லு ஏவி டிவி ஏற்றுக்கொள்ளும் சமிக்ஞையைத் தன் ஒரே காலில் (சில்லைப் பலகையோடு இணைக்கும் உலோக முனை) முழுமையாகவே உருவாக்கித் தருகிறது. ஆன்டெனாவுக்கு மாற்றுவது அதற்குப் பிறகு நடக்கும் வேலை. ஆகவே சில்லின் 21ஆம் காலிலிருந்து வரும் சமிக்ஞையை ஒரு டிரான்சிஸ்டரால் வலுப்படுத்தி வெளியே எடுத்தால் ஏவி கிடைத்துவிடும். சால்டரிங் பழகிய எவரும் ஒரு மாலையில் செய்யக்கூடிய மாற்றம் இது. பழகாதவர்கள் முதல் முயற்சியை இந்தப் பலகையில் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏவி வயரை இணைத்த பிறகும் புதிய டிவியில் ஒரு குறை தெரியும். இந்தக் கருவி ஒவ்வொரு முறையும் 240 வரிகளில் முழுப் படத்தை வரைகிறது. பல எல்சிடி டிவிகளும் மலிவான எச்டிஎம்ஐ மாற்றிகளும் அதை, இரண்டு பாதிகளாக வரும் 480 வரிப் படத்தின் ஒரு பாதி என்று தவறாக எடுத்துக்கொண்டு, இரண்டையும் கலக்கப் பார்க்கின்றன. அதனால் படம் ஓடும்போது விளிம்புகள் சீப்புப் பல்லாகப் பிசிறடிக்கும். அடிபட்ட கதாபாத்திரம் விட்டுவிட்டு மின்னுவதற்குப் பதிலாகத் திரையிலிருந்தே மறைந்துவிடும். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் துள்ளுவதற்கும் இடையே உணரத்தக்க தாமதம் இருக்கும். டிவியின் அமைப்பில் கேம் மோட் இருந்தால் அதை இயக்குங்கள். அது போதவில்லை என்றால், 240 வரிச் சமிக்ஞையை முறையாகக் கையாளும் மாற்றியை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் தாவும் நேரம் தப்பினால் குழியில் விழும் விளையாட்டுகளில் அதன் மதிப்பு உடனே தெரியும். பழைய பிக்சர் டியூப் டிவி வீட்டில் இருந்தால் இந்தச் சிக்கல்கள் எதுவுமே இல்லை. அது ஜப்பானும் அமெரிக்காவும் பயன்படுத்திய என்டிஎஸ்சி முறைச் சமிக்ஞையை வண்ணத்தில் காட்டுகிறதா என்று மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள்.

இனி என்இஎஸ்ஸின் புகழ்பெற்ற கோளாறுக்கு வருவோம். சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு நொடிக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரியும், திரையும் அதே தாளத்தில் மின்னும். இதற்கான காரணம் 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்ததில் இருக்கிறது. எவர் வேண்டுமானாலும் தரமில்லாத விளையாட்டுகளைக் கடைகளில் கொட்டியதும் அச்சரிவுக்கு ஒரு காரணம் என்பதால், நிண்டெண்டோ கருவியிலும் ஒவ்வொரு கேசட்டிலும் ஒரு சிறு பாதுகாப்புச் சில்லை வைத்தது. இரண்டும் இடைவிடாமல் ஒன்றோடொன்று சரிபார்த்துக்கொள்ளும். விடை பொருந்தவில்லை என்றால் கருவியிலுள்ள சில்லு எல்லாவற்றையும் நொடிக்கு ஒருமுறை ரீசெட் செய்யும். ஆகவே விளக்கு மின்னுகிறது என்றால் இரண்டு சில்லுகளுக்கும் இடையே தொடர்பு கிடைக்கவில்லை என்று பொருளே தவிர, கருவி பழுதாகிவிட்டது என்று பொருளல்ல.

தொடர்பு கிடைக்காததற்குக் காரணம் இன்னொரு முடிவு. வீடியோ கேம் என்றாலே கடைக்காரர்கள் விலகி ஓடிய காலம் அது என்பதால், லான்ஸ் பார் வடிவமைத்த என்இஎஸ் ஒரு விசிஆர் போலத் தோன்றும்படி செய்யப்பட்டது. கேசட்டை முன்பக்கமாகச் செருகிக் கீழே அழுத்தும் அமைப்பு அப்படி வந்ததுதான். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் 72 தொடுமுனைகள் கொண்ட இணைப்பானின் மெல்லிய உலோக நாக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, காலப்போக்கில் பிடி தளர்ந்துவிடுகின்றன. ஜப்பானில் மேலிருந்து செருகிய ஃபேமிகாமுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் பாதுகாப்புச் சில்லும் கிடையாது.

சரிசெய்வதற்கு முதலில் கேசட்டுகளைத் துடையுங்கள். 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தொடுமுனைகளை நீளவாக்கில் தேயுங்கள். முதல் குச்சி கருஞ்சாம்பலாக வரும். குச்சி வெள்ளையாகவே திரும்பும் வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். மணல்தாளையோ பித்தளை மெருகையோ பயன்படுத்தினால் முலாம் போய்விடும், அதன் பிறகு துரு விரைவில் பிடிக்கும். கேசட்டின் வாயில் ஊதும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். எடுத்துத் திரும்பச் செருகுவதால் தொடுமுனை இடம் மாறிச் சில நேரம் வேலை செய்கிறது. ஊதும் காற்றின் ஈரம் உலோகத்தை அரிக்கவே செய்கிறது. ஊத வேண்டாம் என்று நிண்டெண்டோவே அறிவுறுத்தியிருக்கிறது.

அதற்குப் பிறகும் விளக்கு மின்னினால் கருவியைத் திறக்க வேண்டும். அடிப்பக்க ஸ்க்ரூக்களைச் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவராலேயே கழற்றலாம். மேல்மூடி, உலோகத் தகடு, கேசட் தட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்த பிறகு, பலகையின் விளிம்பில் மாட்டியிருக்கும் கருப்பு இணைப்பானை இரு பக்கமும் சமமாகப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஸ்க்ரூக்களின் நீளம் ஒன்றுபோல் இருக்காது என்பதால், கழற்றும் வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டிவையுங்கள். இணைப்பானில் பிளாஸ்டிக்கும் உலோகமும் மட்டுமே இருக்கின்றன என்பதால் அதைச் சில நிமிடம் கொதிநீரில் போட்டு எடுக்கலாம். அழுக்கு இளகுவது நீரின் நிறத்திலேயே தெரியும். முழு நாளும் உலரவிட்டு, அது மாட்டியிருந்த பலகை விளிம்பையும் ஆல்கஹாலால் துடைத்த பிறகு பூட்டுங்கள். சந்தையில் கிடைக்கும் புதிய இணைப்பான்களில் பல, கேசட்டை வெளியே எடுக்கவே முடியாதபடி இறுகப் பிடிப்பதால், அசலைக் காப்பாற்றுவதுதான் சிறந்தது என்பது என் கருத்து. கடைசி வழியாக, கருவியிலுள்ள பாதுகாப்புச் சில்லின் 4ஆம் காலைப் பலகையிலிருந்து தூக்கிவிட்டால் அது ரீசெட் செய்வதை நிறுத்திவிடும். காலை வெட்டாமல் தூக்கிவிட்டால், வேண்டும்போது மறுபடியும் பற்றவைக்கலாம்.

பொத்தான்கள் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால், எது வேலை செய்யவில்லை என்பதிலிருந்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருக்கும் ஒரு சிறு சில்லு எட்டுப் பொத்தான்களின் நிலையையும் ஒரே கம்பி வழியாக ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது. எனவே எல்லாப் பொத்தான்களும் சேர்ந்து செயலிழந்தால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் அது கருவியின் உடலுக்குள் நுழையும் இடமாக இருக்கும். ஒரே ஒரு பொத்தான் மட்டும் அடம்பிடித்தால், டிவி ரிமோட்டில் இருப்பதுபோன்ற கார்பன் ரப்பரைத் துடைத்தால் போதும். நான்கு திசைக்கும் ஒரே சிலுவைப் பொத்தான் என்ற ஏற்பாட்டை, கையடக்க விளையாட்டு ஒன்றுக்காக 1982இல் நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் உருவாக்கினார். அதைத்தான் ஃபேமிகாமை வடிவமைத்த மசாயுகி உயெமுராவின் குழு ஃபேமிகாமில் சேர்த்தது. தொடக்கக் கால ஃபேமிகாம்களில் சதுர ரப்பர் பொத்தான்கள் இருந்தன. அவை அழுத்தும்போது சிக்கிக்கொண்டதால் பிறகு வட்டமான பிளாஸ்டிக்குக்கு மாற்றினார்கள். சதுரப் பொத்தான் கொண்ட கருவி சேகரிப்பாளர்களுக்கு விலைமதிப்பற்றது, விளையாடுபவர்களுக்குத் தொல்லை. 1983 ஃபேமிகாமின் இரண்டாவது கட்டுப்பாட்டுக் கருவியில் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் இல்லாததைப் பார்த்து உடைந்ததென்று எண்ண வேண்டாம். அந்த இடத்தில் ஒரு மைக் இருக்கிறது.

திரையில் பாத்திரங்கள் மினுக்மினுக்கென்று மறைந்து தோன்றுவதையும் பழுதென்று எண்ணிக் கருவியை விற்றுவிடுபவர்கள் உண்டு. படச் சில்லால் அசையும் உருவத் துண்டுகள் 64ஐ மொத்தத் திரையிலும், 8ஐ ஒரே கிடைவரியிலும் மட்டுமே காட்ட முடியும். ஒன்பதாவது துண்டு அதே வரிக்கு வந்தால் அது விடுபட்டுப்போகும் என்பதால், விளையாட்டை எழுதியவர்களே ஒவ்வொரு சட்டகத்திலும் வெவ்வேறு துண்டு விடுபடும்படி சுழற்றினார்கள். 2 கிலோபைட் நினைவகமும் 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகமும் கொண்ட கருவியில் இவ்வளவு நடக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த மினுக்கம் எனக்குக் குறையாகவே தெரிவதில்லை.

விளையாட்டைச் சேமிக்கும் கேசட் வாங்கினால், உள்ளிருக்கும் 3 வோல்ட் பேட்டரியைச் சோதியுங்கள். என்இஎஸ் கேசட்டின் ஸ்க்ரூக்களுக்கு 3.8 மில்லிமீட்டர் சிறப்பு முனை வேண்டும். பேட்டரியைக் கழற்றிய கணமே பழைய சேமிப்பு அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். புதியதைப் பற்றவைக்கும்போது, சால்டர் வசதிக்கென உலோகத் தகடு சேர்த்தே விற்கும் சிஆர்2032ஐ வாங்குங்கள். வெறும் பேட்டரியின் மேல் சூட்டுக்கோலை வைத்தால் அது வெடிக்கக்கூடும். விளையாடி முடித்து அணைக்கும்போது ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே சுவிட்சை அணைக்கும்படி செல்டா போன்ற கேசட்டுகள் கேட்கும். மின்சாரம் இறங்கும் அந்த நொடியில் சில்லு தாறுமாறாக எழுதிச் சேமிப்பைக் கெடுத்துவிடாமல் தடுக்கும் வழி அது, தவறாமல் கடைப்பிடியுங்கள்.

திரையை நோக்கிச் சுட்டு விளையாடும் ஒளித் துப்பாக்கியை மட்டும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கருமையாகி, அடுத்த கணம் இலக்கு இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக ஒளிரும். அந்த ஒளி துப்பாக்கிக் குழலுக்குள் வருகிறதா என்பதைக் கருவி பார்க்கிறது. பிக்சர் டியூப் டிவி அந்தக் கட்டத்தை உடனுக்குடன் வரைவதால்தான் கணக்குச் சரியாகிறது. எல்சிடி டிவியின் தாமதத்தில் கட்டம் ஒளிரும் முன்பே கருவி பார்த்து முடித்துவிடும், வாத்து சுடும் விளையாட்டில் எவ்வளவு குறிபார்த்தாலும் ஒரு வாத்தும் விழாது. துப்பாக்கி வேண்டுமென்றால் முதலில் பழைய டிவியைத் தேடிப் பிடியுங்கள்.