கழிவு நீக்கும் டீயும் கிளினிக் மாத்திரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசம், சீனப் பெருநாள், இப்போதெல்லாம் மார்ச்சிலேயே வந்துவிடும் நோன்புப் பெருநாள், அதைத் தொடர்ந்து ஒரு மாதம் ஓடும் திறந்த இல்ல விருந்துகள். சித்திரைப் புத்தாண்டு வருவதற்குள் பலருக்கும் போன வருடச் சட்டை வயிற்றில் இறுக்கிப் பிடிக்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்து ‘வசந்தகால டிடாக்ஸ்’ பெட்டிகள் கடைகளில் அடுக்கப்படும், கைப்பேசியிலும் விளம்பரம் வந்து குவியும்.

மலேசியாவின் பினாங்கில் ஏது வசந்தம்? வருடத் தொடக்கத்தில் மழை குறைந்து, வெயில் மண்டையைப் பிளக்கிற ஊர் இது. குளிர்நாட்டு ஆசாமிகளுக்காக எழுதிய ‘ஏழு நாள் வயிற்றைக் கழுவுங்கள்’ திட்டத்தை ஆயர் ஈத்தாமில் உட்கார்ந்து அப்படியே பின்பற்றினால் உடம்பில் நீர் வற்றிப்போகும். நான் இந்தத் தீவில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்ப்பவன். மூலிகைக்கு எதிரி இல்லை. வீட்டில் வேப்பம்பூ ரசம் வைத்தால் முதல் கரண்டி எனக்குத்தான். ஆனால் மூலிகையால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை மூலிகையால் மட்டும் வருவதில்லை. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையோடு அது மோதும்போதுதான் வருகின்றன.

வயிறு போனால் கழிவு போயிற்று என்று நம்புவது

இதுதான் தலையாய தவறு. ஒரு முறை வயதான அம்மா ஒருவர் ‘ஸ்லிம் டீ’ பெட்டியைக் கவுண்டரில் வைத்தார்.

“தம்பி, இது ரொம்ப நல்லா வேலை செய்யுது. காலையில நாலு தடவை போகுது. மூணு நாள்ல ரெண்டு கிலோ குறைஞ்சிட்டேன். இன்னும் ரெண்டு பெட்டி குடுங்க.”

“வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாம்மா?”

“மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் கிளினிக்ல குடுத்ததுதான்.”

பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது: சென்னா இலை. நம் நிலாவாரைதான். உலகச் சந்தையில் ‘டின்னெவெலி சென்னா’ என்றே இதற்குப் பெயர். திருநெல்வேலிச் சீமையில் விளைந்து கப்பலேறுவது. வெளிநாட்டுப் படம் போட்ட பெட்டிக்குள் நம்மூர் இலையைத்தான் நாலு மடங்கு விலைக்கு வாங்குகிறோம்.

இதன் வேலை எளிமையானது. இலையில் உள்ள சென்னோசைடு என்ற பொருள் பெருங்குடலுக்குப் போன பிறகு அங்குள்ள பாக்டீரியாக்களால் உடைந்து, குடல் சுவரைத் தூண்டுகிறது. அதனால்தான் இரவு குடித்தால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலையில் வயிற்றைக் கலக்குகிறது. வெளியே போவது மலமும் நீரும் உப்பும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த ‘ரெண்டு கிலோ’, இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

நீரோடு பொட்டாசியமும் போவதுதான் ஆபத்து. அந்த அம்மாவுக்குக் கால் வீக்கத்துக்குக் கொடுத்திருந்த நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றும் வகை. இரண்டும் சேர்ந்தால் கால் குடைச்சல், தளர்ச்சி, கடைசியில் இதயத் துடிப்பே தாறுமாறாகும். மலச்சிக்கலுக்குச் சென்னா நல்ல மருந்துதான், மருத்துவமனையிலும் கொடுக்கிறார்கள். ஆனால் மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. அவருக்கு நான் டீ விற்கவில்லை. கொஞ்சம் கோபத்தோடுதான் போனார்.

‘நம் தாத்தா பாட்டி பேதிக்குச் சாப்பிடவில்லையா?’ என்பார்கள். சாப்பிட்டார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதிக்குக் கொடுப்பது சித்த மருத்துவத்தின் பழைய வழக்கம். தோட்டப்புறத்தில் பள்ளி விடுமுறை விட்டால் பாட்டி விளக்கெண்ணெய்யோடு பிள்ளைகளைத் துரத்துவாள். செருப்பில்லாமல் ரப்பர்க் காட்டில் நடந்த காலம்; கொக்கிப்புழுவும் நாக்குப்பூச்சியும் வீட்டுக்கு வீடு இருந்தன. அந்தப் பேதிக்கு ஒரு காரணம் இருந்தது. இன்று புழு இருந்தால் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே வேளை, வேலை முடிந்தது. கர்ப்பிணிகள் விளக்கெண்ணெய் பக்கமே போகக் கூடாது; அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் கருப்பையையும் சுருங்க வைக்கும்.

உடம்பின் அன்றாடத் துப்புரவு எந்தப் பெட்டிக்காகவும் காத்திருப்பதில்லை. சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன. மருந்து, சாராயம், குடலிலிருந்து வரும் அம்மோனியா எல்லாவற்றையும் ஈரல் கவனித்துக்கொள்கிறது. அவற்றுக்குக் குறுக்கே போகாமல் இருந்தாலே பாதிக் காரியம் ஆகிவிடும்.

சமையலறை அளவையும் கேப்சூல் அளவையும் ஒன்றாக நினைப்பது

‘மஞ்சள்தானே, தினம் சாப்பிடுகிறதுதானே?’ இந்தக் கேள்விக்குப் பதிலாகக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். 95 விழுக்காடு குர்குமின் என்று போட்ட 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றை விழுங்கினால், சுமார் 15 கிராம் மஞ்சள் தூளை ஒரே வாயில் போட்டதற்குச் சமம். எந்த மீன் குழம்பிலும் தட்டுக்கு அவ்வளவு மஞ்சள் சேராது. போதாததற்கு மிளகுச் சத்தையும் சேர்த்துவிடுகிறார்கள்; அது குர்குமின் இரத்தத்தில் ஏறுவதைப் பல மடங்காக்கும். இப்படிப்பட்ட கேப்சூல்களால் ஈரல் வீங்கியவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் அரசு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளே எச்சரித்திருக்கின்றன. ஈரலைச் சுத்தப்படுத்த வாங்கியது ஈரலையே பதம் பார்க்கிறது.

சீந்தில் கதையும் அதேதான். கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று வாரக்கணக்கில் குடித்தவர்களில் சிலர் மஞ்சள் காமாலையோடு வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அஸ்வகந்தாவிலும் ஈரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது, தைராய்டு மாத்திரை சாப்பிடுவோர் கேட்காமல் தொடவே கூடாது. கண் மஞ்சளாவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, உடம்பு முழுக்க அரிப்பு: இதில் எது வந்தாலும் ‘கழிவு வெளியேறும் அறிகுறி’ என்று விற்றவர் சொல்வதைக் கேட்காமல் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. லெபோ பாசாரில் நிலவேம்புக் குடிநீர்ப் பொடி வாங்குவார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் நல்லது என்றதால் ‘ஹெம்பெடு பூமி’ கேப்சூலும் வாங்குவார்கள். இரண்டிலும் முக்கியச் சரக்கு ஒரே செடி. ஒரே நாளில் இரண்டு பங்கு உள்ளே போகிறது. அது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இறக்கக்கூடியது என்பதால் மாத்திரையோடு சேரும்போது தலை சுற்றும். ‘மிசாய் கூச்சிங்’ என்ற பூனைமீசையும் சிறுநீரைப் பெருக்குவது. நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் அதையும் கொதிக்க வைத்துக் குடித்தால் கழிப்பறைக்கும் படுக்கைக்கும் நடந்தே களைத்துவிடுவார்.

சுத்தம் செய்யும் வாரத்தில் மாத்திரையை நிறுத்துவது, அல்லது நிறுத்தாமல் பட்டினி கிடப்பது

இரண்டுமே தவறு, இரண்டாவதுதான் வேகமாக ஆளைச் சாய்க்கும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அரசாங்க கிளினிக்கில் பலருக்கும் கொடுக்கும் கிளிக்கிளசைடு மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். காலையில் அதைப் போட்டுக்கொண்டு, பசியாறாமல் பாகற்காய்ச் சாறு மட்டும் குடித்தால் பத்து மணிக்கெல்லாம் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வார்த்தை குழறும். அளந்து பார்த்து சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், கால் மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அந்த நிலையில் ‘விரதம் கெட்டுவிடுமே’ என்று யோசிக்கவே கூடாது. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் சோற்றை அடியோடு விட்டுப் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறி மருத்துவமனையில் படுக்கும்படி ஆகலாம். சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே அது நடக்கும் என்பதுதான் இதில் மோசம்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று முருங்கைக்கீரைச் சாறு குடிக்க ஆரம்பித்தால் அதிலுள்ள கே வைட்டமின் மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். கீரை சாப்பிடலாம், எப்போதும் சாப்பிடும் அளவிலேயே சாப்பிட வேண்டும். அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும்.

பழச்சாறு யாரையும் ஒன்றும் செய்யாது என்பது

பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழம், இங்கே இரவுச் சந்தையில் நம் கண் முன்னாலேயே பிழிந்து கொடுக்கிறார்கள். சிறுநீரகம் சரியாக இருப்பவருக்கு எப்போதாவது ஒரு கோப்பையால் ஒன்றும் ஆகாது. சிறுநீரகம் பழுதானவருக்கு அது விஷம். சிலருக்கு ஒரே ஒரு பழம் போதும். முதலில் நிற்காத விக்கல், பிறகு வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு. பிரேசில் ஆய்வாளர்கள் 2013-இல் பிரித்தெடுத்துக் காட்டிய கரம்பாக்சின் என்ற பொருள்தான் மூளையைத் தாக்குகிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், பழுதானது வெளியேற்றாது. நீரிழிவு முற்றி சிறுநீரகம் பாதி போனது தெரியாமலே நடமாடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். சாறு குடித்து ‘கிட்னியைக் கழுவ’ நினைக்கிறவர்களும் பெரும்பாலும் அவர்களே.

அதன் தம்பியான புளிப்பு பெலிம்பிங், அதாவது பிலிம்பிக்காய், இன்னொரு ரகம். கேரளத்தில் கொலஸ்ட்ரால் குறைய அதைச் சாறாகப் பிழிந்து குடித்தவர்களுக்கு ஆக்சலேட் படிகங்கள் படிந்து சிறுநீரகம் செயலிழந்ததை அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். குழம்பில் இரண்டு காய் போடுவதும் அரை லிட்டர் சாறு குடிப்பதும் ஒன்றாகாது.

எண் பார்க்காமல் வாங்குவது

இந்நாட்டில் விற்கும் பாரம்பரிய மருந்துக்கும் சத்து மாத்திரைக்கும் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண் கட்டாயம். எண்களை அடுத்து வரும் எழுத்து ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து, ‘என்’ என்றால் சத்து மாத்திரை. எண் அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. போலி எண்ணும் அச்சிடுகிறார்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்தால் வரும் பெயரும் கையில் உள்ள பெட்டியின் பெயரும் ஒத்துப்போக வேண்டும். பிள்ளைகளிடம் கொடுத்தால் அரை நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ‘மெலிய வைக்கும் காப்பி’யில் சிபுட்ராமைன் கலந்திருப்பதை முகமை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவிக்கிறது. இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று 2010-இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. மூட்டுவலிக்கென்று விற்கும் ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்தில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. குடித்த இரண்டே நாளில் வலி பறந்து, பசி கூடி, முகம் உப்பினால் சந்தேகப்படுங்கள். ஆனால் மாதக்கணக்கில் குடித்ததைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. பாட்டிலோடு மருத்துவரைப் பாருங்கள். ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் பற்பம், செந்தூரமும் இந்தக் கணக்கில்தான் சேரும். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2008-இல் வெளியிட்ட முடிவில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ‘நீரிழிவைக் குணமாக்கும்’, ‘புற்றுநோயைக் கரைக்கும்’ என்று விளம்பரம் செய்வதே 1956 சட்டப்படி இங்கே குற்றம். அப்படிச் சொல்லி விற்கிறவரிடம் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

சரி, என்னதான் செய்யலாம்?

இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, விற்கவும் ஒன்றுமில்லை. அதே 2023 ஆய்வில் இன்னொரு எண் உண்டு: பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் போதிய காய்கறி பழம் சாப்பிடுவதில்லை. சுகாதார அமைச்சு சொல்லும் ‘சூக்கு சூக்கு செப்பாரோ’ தட்டில் பாதி காய்கறி பழம், கால் சோறு, கால் மீனோ பருப்போ. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சோற்றை ஒரு முறையோடு நிறுத்திவிட்டு, பொரியலையும் கீரையையும் இரண்டாம் முறை கேளுங்கள்; யாரும் முறைக்க மாட்டார்கள். பால்டின் ஊற்றிய தே தாரேயைப் பாலும் சீனியும் இல்லாத ‘தே ஓ கொசோங்’ ஆக்குங்கள். வெயில் காலத்தில் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது, பிரஷர் இருந்தால் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் இருந்தால் இரவில் பப்பாளியும் பகலில் போதிய தண்ணீரும். வேப்பம்பூ ரசம், தூதுவளைத் துவையல், மணத்தக்காளி எல்லாம் சமையலாக வரட்டும். பேதிக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று மனம் கேட்டால், 2016 பாரம்பரிய மருத்துவச் சட்டத்தின் கீழ் பதிந்த சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரைப் பாருங்கள். உங்கள் மாத்திரைப் பட்டியலைக் கேட்காமல் மருந்து கொடுக்கிறவர் சரியான ஆள் இல்லை.

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் பொடி, டீ, கேப்சூல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் ஞாபகம் வைத்துச் சொல்வதைவிட அதுதான் நம்பகம். யாராவது எதையாவது குடித்துவிட்டு ஒரு மாதிரி ஆனால், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்திலேயே தேசிய நச்சு மையம் இருக்கிறது, எண் 1-800-88-8099. வலிப்பு, மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் அதற்கும் காத்திருக்காமல் 999. பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.