சிட்டி கோல்ஃபில் எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் பொருத்துவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் தயாரித்த சிட்டி கோல்ஃப் காரில், பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் இன்ஜின் சுற்றும் வேகத்தில்தான் தண்ணீரைத் தள்ளும். டர்பனின் பிப்ரவரி புழுக்கத்தில் ரோபோவில் (சிக்னல் விளக்கில்) நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடுகிறது. ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு, தண்ணீர் ஓட்டமும் குறைவு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே N3 நெடுஞ்சாலையின் டவுன் ஹில் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறினாலும் இதே நிலைதான். நேர்கோட்டு டிராக் (drag) ரேஸ் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு: ஒரு ஓட்டம் முடிந்து இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் நின்றுவிடுகிறது, ஹெட்டில் (இன்ஜினின் மேல்பகுதியில்) தேங்கிய சூடு அங்கேயே கிடக்கிறது. இந்தத் தண்ணீர் ஓட்டக் குறையை எலக்ட்ரிக் பம்ப் தீர்க்கும்.

குதிரைத்திறன் கூடும் என்ற ஆசையில் மட்டும் இந்த வேலையில் இறங்காதீர்கள். கூடுவது சொற்பம், பம்புக்கான மின்சாரத்தையும் ஆல்டர்னேட்டர்தானே தர வேண்டும்? ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருந்தாலோ அதை முதலில் சரிசெய்யுங்கள். புதுப் பம்ப் அந்தக் கோளாறை மறைக்கக்கூடச் செய்யாது.

இங்கே சொல்வது 8 வால்வு 1.6, 1.8 கோல்ஃப் இன்ஜினுக்கு. மற்ற இன்ஜின்களுக்கும் தத்துவம் ஒன்றே, குழாய்ப் பாதைதான் மாறும்.

தேவையானவை: ஆஸ்திரேலியாவின் டேவிஸ் கிரெய்க் பம்ப் ஒன்று. சாதாரண 1.6-க்கு நிமிடத்துக்கு 80 லிட்டர் வகை போதும், டர்போ போட்டிருந்தால் 115 லிட்டர் வகை. தண்ணீரின் சூட்டைப் பார்த்துப் பம்பை ஓட்டும் கன்ட்ரோலரும் அதன் சென்சாரும், கேபின் ஹீட்டர் குழாய்க்கு ஒரு டி-இணைப்பு, துருப்பிடிக்காத கிளிப்புகள், 4 சதுர மி.மீ. வயர், ஃபியூஸ், விசிறிக்கு ஒரு 30 ஆம்பியர் ரிலே, புதிய கூலன்ட். கன்ட்ரோலர் இல்லாமல் சுவிட்சில் நேரடியாகப் பம்பை ஓட்டினால் இன்ஜின் சூடேறவே நேரமாகும். எரிபொருள் வீணாகும், எண்ணெயும் தன் வெப்பத்துக்கு வராது.

முதலில் ரேடியேட்டரையும் பிளாக்கையும் நன்றாகக் கழுவுங்கள். பழைய துருவும் மணலும் புதுப் பம்பின் இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரத்தில்) சிக்கினால் அது அப்படியே நின்றுவிடும்.

பழைய பம்பை எடுத்தெறிய வேண்டாம். வி-பெல்ட் அதன் புல்லியைச் சுற்றித்தான் ஆல்டர்னேட்டருக்குப் போகிறது. புதிய மெக்கானிக்கல் பம்ப் ஒன்றை வாங்கி, புல்லர் என்ற இழுப்புக் கருவி போட்டு இம்பெல்லரை மட்டும் கழற்றிவிட்டுப் பொருத்துங்கள். இனி அது வெறும் சுழல் சக்கரம். ஆனால் பேரிங்கும் சீலும் நல்ல நிலையில் இருந்தாக வேண்டும், அதனால்தான் புதியது. டைமிங் பெல்ட் பம்பைச் சுற்றிப் போகும் இன்ஜின்களிலும் இதுவே வழி.

தெர்மோஸ்டாட், பழைய பம்பின் ஹவுசிங்குக்கு (கூட்டுக்கு) அடியில், ரேடியேட்டரின் கீழ்க்குழாய் சேரும் இடத்தில் இருக்கிறது. இரண்டு போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். இனி வெப்பத்தைக் கன்ட்ரோலரே கவனிப்பதால், வால்வை வெட்டியெடுத்து, வெளி வளையத்தை மட்டும் திரும்பப் போட்டால் ஓ-ரிங் ஒழுங்காக உட்காரும்.

பலர் கோட்டை விடுவது அடுத்த வேலையில்தான். பழைய அமைப்பில் பம்ப் ஹவுசிங் தண்ணீரை உறிஞ்சும் பக்கம். எலக்ட்ரிக் பம்பைக் கீழ்க்குழாயில் வைத்ததும் அதே ஹவுசிங் அழுத்தம் ஏறும் பக்கமாகிவிடுகிறது. ஹெட்டிலிருந்து ஹவுசிங்குக்கு வரும் பைபாஸ் குழாயும் ஹீட்டரின் திரும்புகுழாயும் இப்போது தலைகீழாக ஓடும்: குளிர்ந்த தண்ணீர் பிளாக்குக்குள் போகாமல் இந்தக் குறுக்கு வழியில் நேராக மேலேறி ரேடியேட்டருக்குத் திரும்பிவிடும். ஹெட் கொதிக்கும், மேல்குழாயோ மிதமான சூட்டில் இருக்கும். ஆகவே பைபாஸை இரு முனையிலும் அடையுங்கள். ஹீட்டரின் திரும்புகுழாயை ஹவுசிங்கிலிருந்து கழற்றி, ரேடியேட்டருக்கும் எலக்ட்ரிக் பம்புக்கும் நடுவே டி-இணைப்பில் சேருங்கள். ஹவுசிங்கில் மிஞ்சும் துளையையும் மூடுங்கள்.

பம்ப் கீழ்க்குழாயில், முடிந்த அளவு தாழ்வாக இருக்கட்டும். இந்த வகைப் பம்ப் காற்றை உறிஞ்சாது. உள்ளே தண்ணீர் தானாக வந்து நிரம்ப வேண்டும். வெளிவாய் இன்ஜினை நோக்கி, மேல்நோக்கியோ கிடையாகவோ இருந்தால் காற்று தேங்காது. எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி வையுங்கள். குழாயில் தொங்கவிடாமல் ஒரு தாங்கி கொடுங்கள்.

சென்சாரை மேல்குழாயில், ஹெட்டுக்கு அருகே பொருத்துங்கள். பம்ப் சுமார் 7 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். இன்ஜின் அணைந்த பிறகும் ஓட வேண்டியிருப்பதால் கன்ட்ரோலருக்கு மின்சாரம் ஃபியூஸ் வழியாக பேட்டரியிலிருந்து நேராக வரட்டும். இக்னிஷனிலிருந்து சிக்னல் மட்டும் போதும். எர்த்தும் பேட்டரிக்கே போகட்டும், பெயின்ட் அடித்த தகட்டில் வேண்டாம். பிளஸ் மைனஸ் மாறினால் பம்ப் தலைகீழாகச் சுற்றும்; அப்போதும் தண்ணீர் கொஞ்சம் ஓடும் என்பதால் தவறு உடனே தெரியாது, மெதுவாகச் சூடேறும்போதுதான் தெரியும். கன்ட்ரோலரை கேபினுக்குள் வையுங்கள்.

இன்னொரு சென்சாரை ஹெட்டின் உலோகத்தில் பொருத்தி, பஸ்ஸரோடு இணைத்தே ஆக வேண்டும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் போய்விட்டால், குழாயிலுள்ள சென்சார் காற்றில் நின்று குறைந்த வெப்பத்தையே காட்டும். கன்ட்ரோலரும் எல்லாம் நலம் என்று நினைத்துப் பம்பைக் குறைத்துவிடும். ஹெட் வளையும் வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

கூலன்ட் நிரப்பும்போது ஹீட்டர் வால்வு முழுதும் திறந்திருக்கட்டும். இன்ஜினை அணைத்த நிலையிலேயே பம்பை 10 நிமிடம் ஓட்டி, மேல்குழாயைப் பிழிந்துவிட்டு, இறங்கும் அளவுக்குக் கூலன்ட் ஊற்றுங்கள். பம்ப் சலசலத்தால் இன்னும் காற்று இருக்கிறது. காரின் முன்பக்கத்தை உயர்த்தி மறுபடி ஓட்டுங்கள். டர்பனில் உறைபனி இல்லையே என்று வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள்; அலுமினிய ஹெட்டை அது அரித்துவிடும். ஜோகன்னஸ்பர்க் போகிற வண்டிக்குப் பாதிக்குப் பாதி கலவை வேண்டும். அங்கே குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். அந்த உயரத்தில் திறந்த தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதிப்பதால், அழுத்த மூடியும் நல்லதாக இருக்க வேண்டும்.

கன்ட்ரோலரை 85 டிகிரியில் வையுங்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியை 75-இல் வைத்தால் கணினி இன்னும் இன்ஜின் சூடாகவில்லை என்று எண்ணி அதிகம் பெட்ரோல் ஊற்றக்கூடும்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றியே இருக்கட்டும். அணைத்ததும் பம்ப் சிறிது நேரம் தொடர்ந்து ஓடுகிறதா என்று கேளுங்கள். மறுநாள் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எல்லாக் கிளிப்பையும் ஒரு சுற்று இறுக்கி, கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். அதன் பிறகு டவுன் ஹில் ஏறலாம்; டாஷ்போர்டில் ஒரு மாற்று ஃபியூஸ் கிடக்கட்டும்.