‘பயம்’ என்ற சொல்லைப் பிழையின்றி எழுதுவது எப்படி?

வேலூர்ப் பக்கத்தில் வீட்டில் உருதோ தெலுங்கோ பேசிக்கொண்டு பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் பலர். குடியாத்தத்தில் என்னிடம் தமிழ் படித்த உருதுச் சிறுமி ஒருத்தி, ‘நான் நாயிடமிருந்து பயந்து வேறு தெருவில் வந்தேன்’ என்று நோட்டில் எழுதியிருந்தாள். உருதுவில் அச்சம் தரும் பொருளோடு ‘ஸே’ என்ற உருபு சேரும். அதைத்தான் அவள் ‘இடமிருந்து’ என்று ஆக்கியிருந்தாள்.

தமிழில் அந்தப் பொருள் நான்காம் வேற்றுமை உருபான ‘கு’வை ஏற்கும், அல்லது ‘ஐக் கண்டு’ என்று வரும். ‘நாய்க்குப் பயந்து’ என்பதில் ப் மிகும். ‘நாயைக் கண்டு பயந்து’ என்பதில் மிகாது. நாய் எதிரே நின்றால் ‘கண்டு’ பொருந்தும். அப்பா ஊரில் இல்லாதபோதும் ‘அப்பாவுக்குப் பயந்து’ படிக்கலாம். அந்தச் சிறுமி நாயைப் பார்க்கவே இல்லை, குரைப்பை மட்டும் கேட்டுத் தெருவை மாற்றிக்கொண்டாள் என்பதால், அவளுக்கு வேண்டியது ‘நாய்க்குப் பயந்து’ என்பதே.

பயப்படுகிறவரும் ‘கு’ உருபு ஏற்பதுண்டு. ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்பது இந்த நேரத்து நிலை. எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘பயமா கீது’. ‘எனக்கு நாய் என்றால் பயம்’ என்பது எப்போதும் உள்ள இயல்பு. இங்கே ‘எனக்கு நாய்க்குப் பயம்’ என்று எழுதினால் இரண்டு ‘கு’ மோதி, யாருக்கு யாரைக் கண்டு பயம் என்பது குழம்பும். ஆகவே ‘என்றால்’, ‘கண்டால்’ ஆகியவற்றுள் ஒன்றைக் கொள்க.

இனி நடக்கப்போவதைப் பற்றிய பயத்துக்கு ‘ஓ என்று’ இன்றியமையாதது. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது கரையோர மக்கள் ‘வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுமோ என்று’ பயந்தார்கள். ‘வந்துவிடும் என்று பயந்தார்கள்’ என்றால் அந்த ஐயத்தின் தவிப்பு போய்விடுகிறது.

‘பயம்’ வடமொழியிலிருந்து வந்தது. ‘அச்சம்’ என்பது ‘அஞ்சு’ என்ற தமிழ் வினையில் பிறந்தது. ‘பழிக்கு அஞ்சி’ போன்ற கண்ணியமான இடங்களில் அஞ்சுவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நாய்க்கும் இருட்டுக்கும் பயம் போதும். பழம்பாடல் படிப்போர்க்கு ஓர் எச்சரிக்கை: அங்கே ‘மகனைப் பயந்தாள்’ என்று வந்தால் அவள் அஞ்சவில்லை, அவனைப் பெற்றாள் என்றே பொருள்.