பலகைத் தரைக்கு எந்தப் பிரைமர், எந்தப் பெயின்ட்? முதல்முறை பூசுகிறவர்களுக்கு

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாங்கியது விக்டோரியா காலத்து வரிசை வீடு. மாடி அறையின் பழைய கார்பெட்டைச் சுருட்டி எடுத்தபோது அடியில் அகலமான பைன் பலகைகள் தெரிந்தன. அன்றைக்கே கடைக்குப் போய், நிறம் பிடித்த ஒரு டின்னை வாங்கி வந்து இரண்டு பூச்சு பூசினோம். மூன்றாவது மாதம், நாற்காலிக் கால் உரசிய இடமெல்லாம் வெங்காயத் தோல் போல உரிந்து வந்தது. பெயின்டில் குறையில்லை. பலகையில் பழைய மெழுகு ஊறியிருந்ததை நாங்கள் பார்க்காமல் விட்டோம்.

அதன்பிறகு மற்ற அறைகளில் வேலையை நிறத்திலிருந்து தொடங்கவில்லை. பலகைமேல் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதற்கேற்பப் பிரைமர் (பெயின்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு), பிரைமருக்கேற்பப் பெயின்ட், நிறம் கடைசியில். இங்கே பழைய வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் பலரும் இதே பலகைகளின்மேல்தான் நடக்கிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

படி 1: பலகைமேல் என்ன இருக்கிறது?

முதலில் பாதுகாப்பு. வீடு 1960களுக்கு முந்தையது என்றால் பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. பிரிட்டனில் ஈயப் பெயின்டைப் பொதுமக்களுக்கு விற்பது 1992இல்தான் தடை செய்யப்பட்டது. சோதனைப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. ஈயம் இருப்பது தெரிந்தால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது. அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதேபோல், பழைய தரை ஓடுகளும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையும் இருந்தால் கை வைக்காதீர்கள். அவற்றில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் மாதிரி கொடுத்துப் பார்த்த பிறகே மேற்கொண்டு எதையும் செய்யுங்கள்.

அடுத்து மூன்று எளிய சோதனைகள். ஒரு சொட்டுத் தண்ணீரைப் பலகையில் விடுங்கள். சில நிமிடங்களில் உறிஞ்சிக்கொண்டால் வெறும் மரம். முத்துப்போல் நின்றால் மெழுகோ எண்ணெயோ வார்னிஷோ தடுக்கிறது.

வெள்ளைத் துணியில் ஒயிட் ஸ்பிரிட் (பெயின்டைக் கரைக்கப் பயன்படும் திரவம்) நனைத்து அழுத்தித் தேயுங்கள். துணியில் பிசுபிசுப்பான பழுப்புக் கறை ஏறினால் அது மெழுகு. உப்புத்தாள் போட்டால் மெழுகு சூடேறி மரத்துக்குள் இன்னும் இறங்கும். ஆகவே ஒயிட் ஸ்பிரிட்டையும் இரும்புக் கம்பளியையும் கொண்டு மரத்தின் இழையோட்டத்திலேயே தேய்த்து, துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். துணி சுத்தமாக வரும்வரை நிறுத்தக் கூடாது. ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

மூன்றாவது, கத்தரிப்பூ நிறத்தில் விற்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட். அதை நனைத்துத் தேய்க்கும்போது பழைய பூச்சு பசைபோல் இளகினால் அது அரக்கு வார்னிஷ். பழைய பெயின்டே இளகித் துணியில் ஒட்டினால் அது தண்ணீர் சேர்ந்த பெயின்ட். அசையாமல் இருந்தால் பெரும்பாலும் எண்ணெய் பெயின்ட்.

விக்டோரியா வீடுகளில் இன்னொன்றையும் பார்ப்பீர்கள். அறையின் நடுப்பகுதி வெளிறியிருக்கும். சுவரோரம் மட்டும் கறுத்த பட்டை ஓடும். அந்தக் காலத்தில் நடுவில் மட்டும் விரிப்பைப் போட்டு, வெளியே தெரியும் ஓரங்களுக்குக் கறுஞ்சாயம் அடிப்பது வழக்கம். பல வீடுகளில் அது தார் கலந்த சாயம். சாதாரணப் பிரைமரைப் பூசினால் அதைத் துளைத்துக்கொண்டு பழுப்பாக மேலே வந்து நிற்கும். எங்கள் வீட்டு மாடிப்படி முகப்பில் வெள்ளைப் பூச்சின் மேல் அது வரைபடம்போல் எழுந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: பலகையைத் தயார் செய்தல்

மேலே நீட்டியிருக்கும் ஆணித் தலைகளை 2 அல்லது 3 மில்லிமீட்டர் உள்ளே இறக்குங்கள். கடையில் நெயில் பஞ்ச் என்று கேளுங்கள். ஆடும் பலகைக்குப் புதிய திருகு போடும் முன், அடியில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். துருப்பிடித்த ஆணித் தலைகளுக்கு உலோகப் பிரைமரைத் தொட்டு வையுங்கள். இல்லாவிட்டால் துரு மேலே கசியும்.

பலகை இடைவெளிகளைப் பட்டி வைத்து நிரப்பாதீர்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது பலகை சுருங்கும், கோடையில் விரியும். கெட்டியான பட்டி ஒரே ஆண்டில் வெடித்து உதிரும். அகலமான இடைவெளிக்கு மெல்லிய மரச் சீவலைப் பசையிட்டுச் செருகுவது நல்லது. காற்று வருகிறதே என்று வெளிச்சுவரின் கீழுள்ள காற்றோட்டச் செங்கல்லை மட்டும் அடைத்துவிட வேண்டாம். தரைக்கடியில் ஈரம் தங்கி உத்தரங்கள் உளுத்துப்போகும்.

ஈயம் இல்லாத தரையை 80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120இல் முடியுங்கள். அதைவிட வழவழப்பாக்கினால் பிரைமருக்குப் பிடிமானம் குறையும்.

படி 3: பிரைமர்

கடையில் வரிசையாக நிற்கும் டின்களில் 'எல்லாவற்றுக்கும் ஏற்றது' என்று எழுதியிருந்தாலும் பின்பக்கத்தைப் படியுங்கள். தரைக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்க வேண்டும். சுவருக்கும் கதவுக்கும் அருமையாக உழைக்கும் பிரைமர், நடமாட்டத்தின் அழுத்தத்தில் பிளந்துவிடக்கூடும்.

வெறும் பைன் பலகை என்றால் முதல் வேலை கணுக்கள். பைன் கணுவில் பிசின் இருக்கும். அறை சூடாகும்போது அது கசிந்து, வெளிர் நிறப் பெயின்டில் மஞ்சள் வட்டங்களாகத் தெரியும். ஒவ்வொரு கணுவுக்கும் அதைச் சுற்றி ஓர் அங்குலத்துக்கும் அரக்குக் கரைசலை மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். இங்கே அதற்கு நாட்டிங் என்று பெயர். அது காய்ந்த பிறகு முழுத் தரைக்கும் மரத்தரைப் பிரைமர்.

ஓக் பலகை என்றால் சிக்கல் வேறு. ஓக்கில் துவர்ப்புச் சத்தான டானின் அதிகம். தண்ணீர் சேர்ந்த பிரைமர் அதை வெளியே இழுத்துவிடும். கறையைத் தடுக்கும் பிரைமர் என்று குறிப்பிட்டு வாங்குங்கள். கறுத்த ஓரப் பட்டைக்கு அரக்கு அடிப்படையிலான கறைதடுப்புப் பிரைமர். பழைய எண்ணெய் பெயின்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் முழுவதும் சுரண்ட வேண்டியதில்லை. பளபளப்பு மங்கும்வரை தேய்த்துவிட்டு, பழைய பூச்சைப் பற்றிக்கொள்ளும் பிரைமர் ஒரு பூச்சு போதும். அதுவே ஈயப் பெயின்டாக இருந்தால் நீரில் நனைத்துத் தேய்க்கும் தாளால் மட்டும், ஈரம் காயாமல் தேய்த்து, வழியும் சேற்றை அவ்வப்போது துடைத்து எடுத்துவிடுங்கள்.

படி 4: பெயின்ட்

சுவர் எமல்ஷனைத் தரையில் பூசாதீர்கள். அது மென்மையானது, மேசைக் கால் ஒட்டிக்கொள்ளும், அழுக்கு ஏறும். தரைப் பெயின்ட் என்றே எழுதியிருப்பதை வாங்குங்கள். அதில் இரண்டு வகை. எண்ணெய் பெயின்ட் நன்றாகப் பரவும், கடினமாகக் காயும். ஆனால் அடுத்த பூச்சுக்குப் பெரும்பாலும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும், வாடை நாட்கணக்கில் நிற்கும், வெள்ளை நிறம் வெளிச்சம் குறைந்த மூலைகளில் மஞ்சளாகும். தண்ணீர் சேர்ந்த பாலியூரித்தேன் பெயின்ட் சில மணி நேரத்தில் காயும், மஞ்சளாகாது. குழந்தைகள் உள்ள வீட்டில் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மாடிப்படி, நடைவழி போன்ற ஓயாத நடமாட்டம் உள்ள இடங்களுக்கு, கெட்டிப்படுத்தும் திரவத்தைத் தனியே கலக்கும் வகை இன்னும் உழைக்கும்.

பளபளப்பில் நடுத்தரமே நல்லது. முழுப் பளபளப்பு ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டும், ஈரத்தில் வழுக்கும். கறுப்புக்கு நெருங்கிய நிறங்களில் தூசி பளிச்சென்று தெரியும். நடுத்தரச் சாம்பலும் மண் நிறங்களும் அன்றாட வீட்டுக்கு இதமானவை.

படி 5: எவ்வளவு வாங்குவது?

அறை 4 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம் என்றால் 14 சதுர மீட்டர். இரண்டு பூச்சுக்கு 28. தரைப் பெயின்ட் லிட்டருக்குச் சுமார் 12 சதுர மீட்டர் என்று டின்னில் போட்டிருந்தால் 2.3 லிட்டர் வேண்டும். ஆக ஒரு 2.5 லிட்டர் டின். காய்ந்துபோன பழைய மரம் பிரைமரை அதிகம் குடிக்கும். அதனால் பிரைமரைக் கணக்குக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள்.

படி 6: மூலையில் சோதித்து, பிறகு பூசுதல்

கதவுக்குப் பின்னால், இரண்டு கையகல இடத்தில் பிரைமரும் பெயின்டும் பூசி மூன்று நாள் விடுங்கள். கத்தியால் பெருக்கல் குறி கீறி, அதன்மேல் பசை நாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயின்ட் நாடாவோடு வந்தால் படி 1க்குத் திரும்ப வேண்டும். இந்த மூன்று நாள் பொறுமை எங்களுக்கு இருந்திருந்தால் மாடி அறையை இரண்டாம் முறை தேய்த்திருக்க மாட்டோம்.

அறை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருந்தால் பூசாதீர்கள். கதவுக்கு எதிர் மூலையில் தொடங்கி, பலகை இடுக்குகளைப் பிரஷ்ஷால் முதலில் நிரப்பி, பிறகு குட்டைப் பஞ்சு ரோலரைப் பலகையின் நீளவாக்கிலேயே ஓட்டி, கதவு வழியாக வெளியேறுங்கள். தடிமனாக ஒரு பூச்சு வேண்டாம், மெல்லியதாக இரண்டு. எண்ணெய் பெயின்ட் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவையுங்கள்.

மேலே காய்ந்ததுபோலத் தோன்றினாலும் உள்ளே இறுகச் சில வாரங்கள் ஆகும். முதல் நாள் காலுறையோடு மட்டும் நடங்கள். மேசை, கட்டிலைத் தரையில் இழுக்காமல் தூக்கி வைத்து, கால்களுக்கடியில் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். விரிப்பை இரண்டு வாரம் கழித்தே போடுங்கள். மிச்சமான பெயின்டை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, அறையின் பெயரையும் தேதியையும் எழுதி வைத்தால், கீறல் விழும்போது அதே நிறம் கையில் இருக்கும்.