சிறு மீனவர்களுக்கு உதவப் போய்ச் செய்யும் தவறுகள்

தீவு நாடுகளிலும் கரையோர நாடுகளிலும் சிறு மீனவர்களுக்கு உதவ நிதி வந்ததும் முதலில் தயாராகும் பட்டியல் பெரும்பாலும் படகு, வலை, என்ஜின் என்றுதான் இருக்கிறது. பிசகு அங்கேயே தொடங்கிவிடுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் இந்தோனேசியாவின் ஆச்சேயிலும் பல அமைப்புகள் ஒன்றையொன்று கேட்காமல் படகு கொடுத்தன. சில ஊர்களில் முன்பு இருந்ததைவிடப் படகுகள் கூடிவிட்டன. அவசரத்தில் கட்டிய சில படகுகள் கடலுக்கு லாயக்கில்லாமல் கரையிலேயே கிடந்தன. படகு கூடினால் மீன் கூடாது. இருக்கிற மீனைப் பங்குபோட ஆள்தான் கூடும்.

பிடிப்பைக் கூட்டுவதற்கு முன் பிடித்தது வீணாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கரையில் ஐஸ் இல்லையென்றால் வெயில் ஏற ஏற மீன் இளகும், வியாபாரி சொன்னதே விலை. அதே மீன் நல்ல நிலையில் விற்றால், கடலிலிருந்து ஒரு மீன்கூடக் கூடுதலாக எடுக்காமலே வருமானம் உயரும்.

அடுத்த தவறு, மீனவர் என்றால் படகில் போகும் ஆண் மட்டும்தான் என்று நினைப்பது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு பங்கேற்று 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் பிடிபடும் மீனில் குறைந்தது 40 சதவீதம் சிறு மீன்பிடியிலிருந்து வருகிறது. அதில் ஈடுபடுவோரில் பத்துக்கு நான்கு பேர் பெண்கள். கருவாடு போடுவது, புகையூட்டுவது, விற்பது, வற்றுநீரில் சிப்பி பொறுக்குவது எல்லாம் அவர்கள் வேலை. கூட்டத்துக்குப் படகு உரிமையாளர்களை மட்டும் அழைத்தால் இந்த வேலைகள் திட்டத்தில் இடம்பெறாது. மேற்கு ஆப்பிரிக்காவில் இதன் விளைவைப் பார்க்கலாம். மொரிட்டானியா, செனகல், காம்பியா கரைகளில் வந்த, மீனை அரைத்துத் தீவனத்துக்கு மாவாக்கும் மீன்மாவு ஆலைகள் உள்ளூர் மக்கள் சாப்பிடும் மத்தி வகை மீன்களையே வாங்குகின்றன. ஒரு கிலோ மாவுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை மீன் போகிறது. புகையூட்டி விற்கும் பெண்களுக்குச் சரக்கு கிடைப்பதில்லை. ஆலை வந்தால் வேலை வரும் என்ற கணக்கில் இவர்கள் இழப்பது சேர்க்கப்படுவதே இல்லை.

சரி, கடலைக் காப்பாற்ற ஒரு பகுதியை மூடலாம் என்றால், அதை மேலிருந்து அறிவிப்பதுதான் பெரிய தவறு. மடகாஸ்கரின் தென்மேற்கில் அன்டவடோவாக்கா என்ற ஊர் 2004இல் தன் பவளத்திட்டின் ஒரு பகுதியில் மட்டும் ஆக்டோபஸ் பிடிப்பதைச் சில மாதங்கள் நிறுத்தியது. ஆக்டோபஸ் மிக வேகமாக வளரும் உயிரினம். திறந்தபோது பெரிய உருப்படிகள் கிடைத்ததை மக்களே கையில் தூக்கிப் பார்த்தார்கள். அப்புறம் பக்கத்து ஊர்களும் மூட ஆரம்பித்தன. ஆனால் திறக்கும் நாளில் வெளியூர்க்காரர்களும் ஈட்டியோடு திட்டில் இறங்கிவிட்டால், மாதக்கணக்கில் காத்தது ஒரே நாளில் போய்விடும். யார் இறங்கலாம், எத்தனை நாள் என்பதை மூடும்போதே பேசிவிட வேண்டும். மெதுவாக வளரும் மீன்களுக்கு இதே கால அளவைப் போட்டாலும் பலன் இருக்காது.

கண் மிகச் சிறியதால் குஞ்சு மீனையும் வாரிவிடும் கொசுவலையால் மீன் பிடிப்பவர்களைக் குற்றவாளிகளாக்குவதும் வேண்டாம். வலையைப் பறிமுதல் செய்கிறவர், அன்று இரவு அந்த வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்பதற்கும் வழி சொல்ல வேண்டும்.

எல்லாக் கட்டுப்பாட்டையும் ஊர்மேல் ஏற்றிவிட்டு, பெரிய கப்பல்களைப் பேசாமல் விடுவது எனக்குப் பொறுக்கவே முடியாத தவறு. உலக வர்த்தக அமைப்பு மீன்பிடிக்கு அரசுகள் தரும் மானியங்களைக் கட்டுப்படுத்த 2022இல் ஏற்ற ஒப்பந்தம் 2025 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் சட்டவிரோத மீன்பிடி போன்ற சிலவற்றைத்தான் தொடுகிறது. கப்பல் பெருக்கத்துக்கு உதவும் மானியங்கள் பற்றிய பேச்சு முடியவில்லை. சிறு மீனவர்களின் கடல் உரிமையைப் பேசும் 2014 சர்வதேச வழிகாட்டுதல்களும் விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகைதான், கட்டாயமில்லை. அவை நாட்டின் சட்டத்தில் ஏறாவிட்டால், பெரிய கப்பல் வரும் நாளில் மீனவர் கையில் காட்ட எதுவும் இருக்காது.

கடைசியாக, திட்டக் காலம் முடிந்த பிறகு என்ன ஆகும் என்று யோசிக்காத தவறு. பசிபிக் தீவுகளில் கரைக்கு அருகே நங்கூரமிட்ட மிதவைகள் சூரை மீன்களைக் கூட்டிவரும். பவளத்திட்டு மீன்கள்மேல் விழும் சுமை குறையவும் வாய்ப்புண்டு. ஆனால் புயலிலும் நீரோட்டத்திலும் அவை அறுந்துபோவது சகஜம். அடுத்த கயிறும் நங்கூரமும் யார் காசில் என்பதை முதல் மிதவையை இறக்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.