ஆன்லைன் கடையைச் சீரமைக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

விற்பனை மந்தமானால் எல்லோரும் முதலில் கை வைப்பது முகப்புப் பக்கத்தில்தான். புது தீம், புது நிறம், நகரும் ஸ்லைடர். எல்லாம் மாற்றி முடித்த பிறகும் விற்பனை இருந்த இடத்திலேயே நிற்கும், ஏனென்றால் வாங்க வந்தவர் முகப்பைப் பார்த்துத் திரும்பவில்லை, பொருளைத் தேர்ந்தெடுத்து, கார்ட்டில் போட்டு, முகவரி எழுதும் இடம் வரைக்கும் வந்து, அங்கே கடுப்பாகிக் கிளம்பியிருக்கிறார். பேமார்ட் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் பல வருடங்களாக இந்தக் கணக்கைத் தொகுத்து வருகிறது: கார்ட்டில் பொருள் போட்ட 100 பேரில் சராசரியாக 70 பேர் வாங்காமல் போய்விடுகிறார்கள். அதில் சும்மா விலை பார்க்க வந்தவர்கள் நிறைய உண்டு, அவர்களை விடுங்கள். வாங்கத் தயாராக வந்தும் வாங்க முடியாமல் போனவரைத்தான் நாம் பிடிக்க வேண்டும். அதனால் வேலையைப் பின்னாலிருந்து முன்னால் செய்யுங்கள். செக்அவுட் (முகவரி எழுதிப் பணம் கட்டும் பக்கம்), கார்ட், பொருள் பக்கம், தேடல், கடைசியில்தான் முகப்பு.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் உங்கள் கடையில் நீங்களே ஒரு பொருள் வாங்குங்கள். பெரிய திரையில் வேண்டாம். கொஞ்சம் பழைய போனில், வைஃபையை அணைத்துவிட்டு, லாக்இன் செய்யாமல், உண்மையாகவே பணம் கட்டி. எங்கே விரல் நிற்கிறது, எங்கே பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் கடையைப் பார்த்தே இராத நான்கைந்து பேரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள்: ‘இந்த மாதிரி ஒரு பொருளை இங்கே வாங்குங்கள்’, அவ்வளவுதான். பெரும்பாலான சிக்கல்களைக் கண்டுபிடிக்க 5 பேர் போதும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதிவிட்டார், சின்னக் கடைக்கு இது ரொம்ப வசதியான செய்தி. கஷ்டமானது ஒன்றுதான், அவர்கள் தடுமாறும்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ‘மேலே பாருங்கள், வலது பக்கம்’ என்று சொல்லிவிட்டால் அந்தச் சோதனையே வீண்.

இப்போது செக்அவுட். முதல் கேள்வி, கணக்கு தொடங்காமல் வாங்க முடியுமா? முடியாது என்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதைச் சரி செய்யுங்கள். பயன்பாட்டு வடிவமைப்பு வல்லுநர் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் எழுதிய ஓர் அனுபவம் இந்தத் துறையில் பிரபலம். ஒரு பெரிய கடையில் பணம் கட்டுவதற்கு முன்பு ‘பதிவு செய்க’ என்ற பட்டன் குறுக்கே நின்றது. அதை எடுத்துவிட்டு ‘தொடர்க’ என்று வைத்து, வாங்குவதற்குக் கணக்கு தேவையில்லை என்று பக்கத்தில் ஒரு வரி எழுதினார்கள். வாங்கியவர்கள் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது. உங்களுக்கும் அதே 45 கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் கணக்கு வேண்டுமென்றால் ஆர்டர் முடிந்த பிறகு கேளுங்கள், அப்போதுதான் பெயர், முகவரி எல்லாம் கையில் இருக்கும், பாஸ்வேர்டு ஒன்றுதான் பாக்கி.

அடுத்தது படிவம். ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, இது இல்லாவிட்டால் பொருள் போய்ச் சேராதா என்று கேளுங்கள். போய்ச் சேரும் என்றால் தூக்கிவிடுங்கள். பிறந்த தேதி, ‘எங்களைப் பற்றி எப்படித் தெரியும்’ எல்லாம் வேண்டவே வேண்டாம். பெயருக்கு ஒரே கட்டம் போதும், அதை முதல் பெயர், நடுப் பெயர் என்று உடைத்தால் பாதிப் பேருக்கு எதை எங்கே போடுவதென்று தெரியாது.

போன் எண் கட்டத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் ஒரே கட்டத்தில் இத்தனை தப்பு நடக்கும் இடம் வேறு கிடையாது. தொட்டதும் எழுத்து கீபோர்டு வருகிறது. எண் கீபோர்டு வர வேண்டும், பக்கத்தை எழுதியிருக்கும் எச்டிஎம்எல் மொழியில் ஒரே ஒரு வார்த்தை மாற்றும் வேலை இது. எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் ஐபோன் சஃபாரி பக்கத்தையே பெரிதாக்கிவிடும், வாங்குபவர் விரலால் கிள்ளிச் சின்னதாக்கிக்கொண்டிருப்பார். கட்டத்துக்குள்ளேயே மங்கலாக ‘போன் எண்’ என்று எழுதியிருந்தால், தட்ட ஆரம்பித்ததும் அது மறைந்துபோகும், எது எந்தக் கட்டம் என்று குழப்பம் வரும், ஆகவே கட்டத்தின் பெயரை மேலே தனியாக எழுதுங்கள். நடுவில் இடைவெளி விட்டு எண்ணைப் போட்டால் ‘தவறான எண்’ என்று திட்டாதீர்கள், இடைவெளியை நீக்குவது கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையா? கார்டு எண்ணுக்கும் இதேதான். தானாக நிரப்பும் வசதியை வேண்டுமென்றே அடைத்து வைத்திருக்கும் கடைகள் உண்டு, தயவுசெய்து திறந்து விடுங்கள். தப்பு இருந்தால் அந்தக் கட்டத்துக்குக் கீழேயே என்ன தப்பு, எப்படித் திருத்துவது என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய பாவம், ஒரு கட்டத்தில் தப்பு வந்ததற்காகப் படிவம் முழுவதையும் காலியாக்குவது.

கார்ட்டில் இரண்டு விஷயம். டெலிவரிக் கட்டணம், வரி எல்லாம் கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கக் கூடாது. வாங்காமல் போனதற்கு மக்கள் சொல்லும் காரணங்களில் கூடுதல் கட்டணங்கள்தான் முதலிடம் என்று பேமார்ட்டின் கருத்துக்கணிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பொருள் பக்கத்திலேயே கட்டணத்தையும் எப்போது வந்து சேரும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இன்னொன்று கூப்பன் பெட்டி. பெரிதாகத் திறந்து வைத்தால் கூப்பன் இல்லாதவருக்கு ‘நாம் மட்டும் அதிகம் கொடுக்கிறோமோ’ என்ற சந்தேகம் வந்து, கூப்பன் தேடி வேறு தளத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிடுவார். சின்ன இணைப்பாகச் சுருக்கி வையுங்கள், வேண்டியவர் தட்டித் திறந்துகொள்வார்.

பொருள் பக்கத்தில் படங்கள்தான் பாதி வேலை. வெள்ளைப் பின்னணியில் எடுத்த அழகான படம் ஒன்று சரி, ஆனால் ஒரு கை பிடித்திருக்கிற மாதிரி ஒரு படம் இல்லாமல் அளவு புரியாது. பின்பக்கம், உள்பக்கம், தையல், பிளக் போடும் இடம், இதெல்லாம் வேண்டும். விளக்கத்தில் ‘உயர்தரம்’, ‘நவீன வடிவமைப்பு’ என்று எழுதுவதால் யாருக்கும் ஒன்றும் தெரிந்துவிடாது. ஒரு தோள்பை என்று வையுங்கள்: ‘15.6 இன்ச் லேப்டாப் உள்ளே போகும், சார்ஜருக்குத் தனி அறை உண்டு, தூறலைத் தாங்கும், கனமழையில் ஜிப் வழியாக நீர் இறங்கும்.’ கடைசித் துண்டைச் சேர்க்கத் தயங்குவீர்கள். சேருங்கள், திருப்பி அனுப்புவது குறையும். என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் வாடிக்கையாளர் கேட்ட கேள்விகளை எடுத்துப் பாருங்கள், இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் அதற்கான பதில் பக்கத்தில் இல்லை என்று அர்த்தம். ரிட்டர்ன் விதி வாங்கும் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரே வரியில் இருக்கட்டும். ‘இன்னும் 2 மட்டுமே’ என்று பொய்யாக எழுதுவது, தானாக மறுபடி ஆரம்பிக்கும் கவுண்ட்டவுன், இவை வேண்டாம். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

நிறம் தேர்வு செய்யும் வட்டங்களுக்கு நிறத்தின் பெயரையும் எழுதுங்கள், ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் சிக்கல் உண்டு. வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளையில் போடும் மோகத்தை விடுங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது இணைய அணுகல் வழிகாட்டி (WCAG). பட்டன்கள் விரலுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும், ஆப்பிள் சொல்வது 44 பாயின்ட், ஆண்ட்ராய்டுக்கு 48 டிபி (இரண்டும் திரையில் அளவு சொல்லும் அலகுகள்).

வேகத்துக்கு கூகுள் வைத்திருக்கும் அளவுகோல் தெளிவானது: பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லி விநாடிக்குள் அசைவு தெரிய வேண்டும். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் தளத்தில் உங்கள் கடையின் இணைய முகவரியைப் போட்டால் இலவசமாகச் சொல்லிவிடும். மெதுவாக இருந்தால் பெரும்பாலும் குற்றவாளிகள் இரண்டு பேர்தான், பெரிய படங்களும் யாரும் பயன்படுத்தாத ப்ளக்இன்களும் (கடையோடு ஒட்டவைக்கும் கூடுதல் மென்பொருள்கள்). படங்களை வெப்பி (WebP) என்ற சிறிய கோப்பு வடிவத்துக்கு மாற்றுங்கள், அகலம் உயரத்தைக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் படம் வந்ததும் பக்கம் குதிக்கும், தட்டப்போன விரல் வேறு பட்டனில் விழும்.

தேடலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மக்கள் தேடி ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வந்த சொற்களின் பட்டியலை மாதம் ஒருமுறை படியுங்கள். எழுத்துப்பிழை, நீங்கள் ஒரு பெயரில் விற்க அவர்கள் வேறு பெயரில் தேடுவது, எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். அப்படியே, பொருளைப் பார்த்துவிட்டுப் பின்னால் போனால் பட்டியலில் அதே இடத்துக்கு, அதே ஃபில்டரோடு வருகிறதா என்றும் பாருங்கள். உச்சிக்குத் தூக்கி எறியும் கடையில் ஐந்தாவது பொருளை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆட்கள் குறைவாக வரும் கடையில் இரண்டு வடிவங்களை ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்கும் ஏ-பி சோதனை எல்லாம் வேண்டாம், அந்த எண்ணிக்கையில் வரும் வித்தியாசம் வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். கார்ட்டில் போட்டவர், முகவரி முடித்தவர், பணம் கட்டியவர் என்று படிப்படியாக எண்ணி, எந்தப் படியில் அதிகம் கழன்றுபோகிறார்களோ அங்கே ஒரு மாற்றம், கொஞ்ச நாள் பொறுத்து அடுத்தது.

முகப்புக்கு வந்துவிட்டோம். ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒரே படம், என்ன விற்கிறீர்கள் என்று ஒரு வரி, மூடாத தேடல் பெட்டி, வகைகளுக்கான இணைப்புகள். வந்த இரண்டாவது விநாடியில் மின்னஞ்சல் கேட்கும் பாப்அப்பையும் அணைத்துவிடுங்கள். இந்த வேலைக்கு ஒரு மதியம் போதும்.