ஆங்கிலத்தில் 'ஐ', 'கு' உருபுகளைத் தேடாதீர்கள்

'நாய் பையனைக் கடித்தது' என்றாலும் 'பையனை நாய் கடித்தது' என்றாலும் கடி வாங்கியவன் பையன்தான். 'ஐ' உருபு அவன் எங்கே போனாலும் கூடவே போகிறது. 'தி டாக் பிட் தி பாய்' என்பதை அப்படித் திருப்பிப் போட்டால் பையன் நாயைக் கடித்துவிடுவான்! ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் உருபு கிடையாது, அது நிற்கும் இடம்தான் வேற்றுமையைக் காட்டும். பழைய ஆங்கிலத்தில் உருபுகள் இருந்தன. தேய்ந்து தேய்ந்து இன்று பெயர்ச்சொல்லில் மிஞ்சியிருப்பது உடைமைக்கான அப்பாஸ்ட்ரஃபி எஸ் மட்டும்.

எட்டு வேற்றுமைக்குப் பழகிய நாம் ஒவ்வொரு உருபுக்கும் ஈடாக ஓர் ஆங்கிலச் சொல்லைச் செருகப் பார்க்கிறோம். பெரும்பாலான தவறுகள் இதில்தான் பிறக்கின்றன. 'அவனிடம் சொன்னேன்' என்று நினைத்துக்கொண்டு 'ஐ டோல்ட் டு ஹிம்' என்கிறோம். அந்த 'டு' வேண்டாம், 'ஐ டோல்ட் ஹிம்' போதும். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பது 'டிஸ்கஸ்ட் அபவுட் இட்' ஆகிவிடுகிறது. 'அபவுட்' அங்கே அதிகப்படி. 'அறைக்குள் நுழைந்தான்' என்பதற்கும் 'என்டர்ட் தி ரூம்' போதும், 'இன்டு' வேண்டாம். சரி, எல்லா வினைக்கும் இப்படியா என்றால் இல்லை. 'எக்ஸ்பிளெய்ன் மீ' தவறு; 'எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ' என்றுதான் சொல்ல வேண்டும். இதற்குக் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. வினையைப் படிக்கும்போதே அதன் பின்னால் என்ன வரும் என்பதையும் சேர்த்துப் படித்துவிடுவது நல்லது.

பிரதிப்பெயர்களில் மட்டும் பழைய வேற்றுமை இன்னும் உயிரோடு இருக்கிறது: ஐ, மீ, ஹி, ஹிம். 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று நன்றாகப் படித்தவர்களே சொல்வார்கள். 'ஐ' என்றால் மரியாதையாக இருக்கும் என்ற நினைப்புதான் காரணம். 'ஷி கால்ட் மை பிரதர் அண்ட் ஐ' என்ற வாக்கியத்தில் தம்பியைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். 'ஷி கால்ட் ஐ' என்று யாராவது சொல்வார்களா? இரண்டு இடத்திலும் வர வேண்டியது 'மீ'. 'ஹூம்' பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், பேச்சில் அது பெரும்பாலும் 'ஹூ' ஆகிவிட்டது.

அப்புறம் அந்த அப்பாஸ்ட்ரஃபி. பன்மைக்கு அது வராது. 'பாய்ஸ்' போல எஸ்ஸில் முடியும் பன்மையில் உடைமையைக் காட்ட எஸ்ஸுக்குப் பிறகு குறி மட்டும். 'சில்ட்ரன்' போன்றவற்றுக்குக் குறியும் எஸ்ஸும். 'இட்ஸ்' மட்டும் தலைகீழ்: குறி போட்டால் அது 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்', 'அதனுடைய' என்ற பொருளில் எழுதும்போது குறியே கிடையாது.